பல்லுக்குள்ளே ஒரு பட்டறை

(மூன்றாம் ஆண்டு, உலோகவியல் பிரிவு)

மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் போட்ட அன்றைக்கே அப்துல் கலாம், ராமானுஜம், எடிசன், மேரி கியூரி என்று ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் லேட். ஆனாலும் நான் எழுத நினைத்தவரை யாரும் தொடவே இல்லை. அவர் ஒரு பல் டாக்டர். பெயர் கிரீன் வார்டிமன் பிளாக். சிரிக்காதீர்கள். பல் மருத்துவம் படிக்கிறவர்களிடம் ஜி.வி.பிளாக் என்று சொல்லிப் பாருங்கள், உடனே தெரியும் என்பார்கள். உலோகம் படிக்கிற நமக்குத்தான் அவரைத் தெரியாமல் போய்விட்டது.

எனக்கு அவர் எப்படிக் கிடைத்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாவது படிக்கும்போது கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை விழுந்து, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அம்மா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே பல்லைக் குடைந்து வெள்ளி அடைத்து அனுப்பினார்கள். வலி நின்றது, நானும் மறந்துவிட்டேன். இங்கே வந்து முதலாம் ஆண்டில் சார் உலோகங்களின் உருகுநிலையை போர்டில் எழுதிப்போட்டார். வெள்ளி 961 டிகிரி. எனக்குத் திக்கென்றது. 961 டிகிரியில் உருகுகிற சாமானை என் வாய்க்குள்ளே எப்படி ஊற்றினார்கள்? நாக்கு வெந்து போயிருக்க வேண்டாமா? கிளாஸ் முடிந்ததும் போய்க் கேட்டேன். சார் சிரித்துவிட்டு, அது ஊற்றியதில்லை, பிசைந்து அடைத்தது. லைப்ரரிக்குப் போய் அமால்கம் என்று தேடிப்பார் என்றார். தேடப் போன இடத்தில்தான் இந்த மனிதர் அகப்பட்டார்.

1836-ஆம் வருடம் ஆகஸ்ட் 3-ந்தேதி அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் வின்செஸ்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒத்து வரவில்லை. காடு, ஓடை, பறவை, பூச்சி என்று சுற்றிக்கொண்டே இருப்பான். அவர் பள்ளியில் உட்கார்ந்த நாளையெல்லாம் கூட்டினால் இரண்டு வருடம்கூடத் தேறாது. பிற்காலத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தவரின் படிப்பு அவ்வளவுதான். இதைப் படித்தபோது லைப்ரரியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பா மூன்றாவதோடு நின்றவர், அம்மா கைநாட்டு. வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எனக்கு அந்த இரண்டு வருடக் கணக்கு லேசாகத் தெரியவில்லை.

பதினேழு வயதில் அண்ணன் தாமஸிடம் அனுப்பினார்கள். அண்ணன் வைத்தியர். தம்பி அவரோடு இருந்து மருந்து, உடற்கூறு எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1857-இல் ஸ்பியர் என்ற பல் வைத்தியரிடம் சில மாதம் கூட இருந்தார். அந்தக் காலத்தில் பல் வைத்தியம் என்பது நம்ம ஊர்ப் பத்தர் கடையில் பையன் சேர்கிற மாதிரிதான். கூட நின்று கைவேலையைப் பார்க்க வேண்டும், பிறகு சொந்தமாகக் கடை போட வேண்டும். பிளாக்கும் வின்செஸ்டரில் கடை போட்டார். உள்நாட்டுப் போர் வந்ததும் வடக்குப் படையில் சேர்ந்தார், முழங்காலில் அடிபட்டுத் திரும்பினார். 1863-இல் முதல் மனைவியும் இறந்துபோனார். அடுத்த வருடம் பக்கத்தில் இருந்த ஜாக்சன்வில் என்ற ஊருக்குப் போய்ப் புதிதாக ஆரம்பித்தார். பிறகு அங்கேயே முப்பது வருடம்போல ஓடிவிட்டது.

அந்த முப்பது வருடம்தான் அவருடைய காலேஜ். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார், ராத்திரியில் படிப்பார். ரசாயனத்தைத் தானே படித்து, ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கே பாடம் எடுத்தார். ஜெர்மன் விஞ்ஞானிகள் எழுதியதைப் படிக்க ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொண்டார். மைக்ராஸ்கோப் வாங்கிப் பல்லையும் கிருமியையும் பார்த்தார். வேண்டிய கருவி கடையில் கிடைக்காவிட்டால் தானே செய்துகொண்டார். நம்ம பிட்டிங் ஷாப்பில் ஒரு பைல் உடைந்தால் மறுநாள் வரை சும்மா உட்கார்ந்திருக்கிறோம். அந்த நினைப்பு எனக்கு வராமல் இல்லை.

இனி உலோகக் கதைக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் சொத்தைப் பல்லை அடைக்கத் தங்கம்தான் உயர்ந்த பொருள். தங்க ரேக்கை மடித்து மடித்துக் குழிக்குள் வைத்துத் தட்டுவார்கள். சுத்தமான தங்கம் சூடு இல்லாமலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு பல்லுக்கு மணிக்கணக்கில் தட்ட வேண்டும். செலவோ அதிகம், ஏழைகளால் முடியாது. 1833-இல் கிராகோர் என்ற சகோதரர்கள் நியூயார்க்கில் வந்து இறங்கினார்கள். வெள்ளிக் காசைச் சுரண்டிப் பாதரசத்தில் பிசைந்து குழியில் அப்பினார்கள். ஐந்து நிமிட வேலை, விலையும் மலிவு. கூட்டம் அள்ளியது. ஆனால் அவர்கள் சொத்தையைச் சுத்தம் செய்யாமலே அப்பிவிட்டுப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் அடைப்பு விழுந்தது, பல் கறுத்தது, உடைந்தும் போனது. தங்கம் அடைக்கிற டாக்டர்களுக்குக் கோபம். 1840-இல் தொடங்கிய அவர்களுடைய சங்கம், ரசக்கலவையைத் தொடவே மாட்டோம் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி எழுதி வாங்கியது. அந்தச் சண்டையிலேயே சங்கம் 1856-இல் கலைந்தும் போனது. வரலாற்றில் இதற்கு அமால்கம் யுத்தம் என்றே பெயர்.

சங்கம் கலைந்ததே தவிர சண்டை ஓயவில்லை. ஒரு கட்சி விஷம் என்றது, இன்னொரு கட்சி அமிர்தம் என்றது. இரண்டு கட்சியிலும் பெரும்பாலானவர்கள் எதையும் அளந்து பார்க்கவில்லை. ஒரு டாக்டர் அடைத்தது இருபது வருடம் நிற்கும், அதே கம்பெனித் தூளை வாங்கி அடுத்த டாக்டர் அடைத்தது ஆறு மாதத்தில் ஓரம் பிரிந்துவிடும். ஏன் என்று கேட்டால் கைராசி என்பார்கள்.

பிளாக் அளக்க ஆரம்பித்தார். அவர் செய்த எல்லாவற்றிலும் எனக்குப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

முதலில் பல்லையே சோதித்தார். கடினமான பல், மெதுவான பல் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். மெதுவான பல்லில்தான் சொத்தை வரும் என்று நம்பினார்கள். பிளாக் பற்களை எடை போட்டு, அழுத்தி உடைத்து, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்று பார்த்தார். சொத்தை வருவதற்கும் வராததற்கும் அந்த வித்தியாசம் காரணமில்லை என்று கண்டார். பிறகு மனிதன் எவ்வளவு பலமாகக் கடிக்கிறான் என்று அளக்க ஒரு கருவி செய்து பலரையும் கடிக்க வைத்தார். கடைவாயில் எழுபது, எண்பது கிலோ விசை சாதாரணமாக வரும். பொரிகடலையை மெல்லும்போது நாம் இதை யோசிப்பதே இல்லை. அடைப்பு தாங்க வேண்டிய சுமை இன்னது என்று தெரிந்தால்தானே பொருளைத் தேர்ந்தெடுக்க முடியும்? ஸ்ட்ரெங்த் ஆப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் நாம் படிக்கிற அதே வரிசைதான்.

அடுத்து ரசக்கலவை. வெள்ளியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த கட்டியை அராவித் தூளாக்குவார்கள். அந்தத் தூளில் பாதரசத்தை விட்டுப் பிசைந்தால் வெண்ணெய் மாதிரி வரும். பாதரசம் தூளின் மேற்பரப்பைக் கரைத்து, வெள்ளியோடும் வெள்ளீயத்தோடும் சேர்ந்து புதுப் படிகங்களாக வளரும். சில மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். வாயின் சூட்டுக்கு மேல் ஒரு டிகிரிகூடத் தேவையில்லை. என் 961 டிகிரி சந்தேகத்துக்குப் பதில் இதுதான். ஆனால் இறுகும்போது அது கொஞ்சம் விரியும், அல்லது சுருங்கும். சுருங்கினால் ஓரத்தில் இடைவெளி விழும், எச்சில் இறங்கும், உள்ளே மறுபடியும் சொத்தை. அதிகமாக விரிந்தால் பல்லை நெருக்கும், வலிக்கும், மெல்லிய சுவராக இருந்தால் விரிசல்கூட விடும்.

எவ்வளவு விரியும், எவ்வளவு சுருங்கும் என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பிளாக் அதற்கென்றே ஒரு மைக்ரோமீட்டர் அமைத்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே படிக்கக்கூடியது. வெள்ளியும் வெள்ளீயமும் ஒவ்வொரு விகிதத்திலும் கலந்து, ஒவ்வொன்றையும் இறுகவிட்டு, நாள் கணக்கில் அளந்து எழுதினார். வெள்ளீயம் கூடினால் சுருக்கம், வெள்ளி கூடினால் விரிவு. இரண்டுக்கும் நடுவில் தராசு முள் நிற்கிற மாதிரி ஓர் இடம் இருந்தது. சுமாராக வெள்ளி 67 பங்கு, வெள்ளீயம் 27 பங்கு, கூடவே செம்பு 5, துத்தநாகம் 1. மூன்று வெள்ளி அணுவுக்கு ஒரு வெள்ளீய அணு சேர்ந்த சேர்மத்தை ஒட்டித்தான் இந்த விகிதம் நிற்கிறது என்பதை நம்ம பேஸ் டயகிராம் பாடம் படித்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

இதில் ஒரு தொல்லை வந்தது. அதே விகிதம், அதே கட்டி, அதே மனிதர். இன்றைக்கு அளந்தால் ஓர் அளவு, சில வாரம் கழித்து அதே தூளை எடுத்து அளந்தால் வேறு அளவு. வேறு யாராவது இருந்தால் கைராசி என்று விட்டிருப்பார்கள். பிளாக் விடவில்லை. புதிதாக அராவிய தூள் ஒரு மாதிரியும் பழைய தூள் வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது என்று கண்டார். காரணம் வெப்பம். அராவும்போது உலோகம் அடிபட்டு இறுகிப்போகிறது. சாதாரண அறைச் சூட்டில்கூட மெல்ல மெல்ல அது தளர்கிறது. கொதிக்கிற தண்ணீரின் சூட்டில் வைத்தால் வாரக்கணக்கான மாற்றம் சீக்கிரத்திலேயே முடிந்துவிடும். ஆமாம், அனீலிங்! ஹீட் ட்ரீட்மெண்ட் லேபில் நாம் பர்னஸ் முன்னால் வேர்த்துக்கொண்டு நிற்கிற அதே விஷயம். இருபது வருடம் நின்ற அடைப்புக்கும் ஆறு மாதத்தில் போன அடைப்புக்கும் வித்தியாசம் கையில் இல்லை. தூள் கடையில் எத்தனை நாள், என்ன சூட்டில் கிடந்தது என்பதிலும் இருந்தது.

1895-இல் தொடங்கி இந்த அளவுகளையெல்லாம் பல் மருத்துவப் பத்திரிகையில் வரிசையாக வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம் என்கிற மாதிரி முழுசாக எழுதினார். அந்தக் கலவையின் அடிப்படை 1960-கள் வரை உலகம் பூராவும் மாறவில்லை. 1963-இல்தான் செம்பு அதிகம் சேர்த்த புது வகை வந்தது. பின்னால் வந்த அமெரிக்கத் தர விதி, ஒரு சென்டிமீட்டருக்கு 20 மைக்ரானுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று வைத்தது. ஒரு தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

உலோகம் சரியானால் போதாது, அது உட்காருகிற குழியும் சரியாக இருக்க வேண்டும். நாம் மோல்டு போடுகிற மாதிரி, தரை சமமாக, சுவர் நேராக, ஓரம் பலமாகக் குழி வெட்ட வேண்டும் என்று பிளாக் விதி எழுதினார். சொத்தை வரும் இடத்தை வைத்து ஐந்து வகையாகப் பிரித்தார். அந்தப் பிரிவைத்தான் இன்றைக்கும் முதலாண்டுப் பல் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இன்றைய டாக்டர்கள் அவரைவிட்டு விலகிவிட்டார்கள். பின்னால் சொத்தை வராமலிருக்க நல்ல பல்லையும் கொஞ்சம் சேர்த்து வெட்டச் சொன்னார் அவர். இப்போது ஒட்டிக்கொள்ளும் பொருள்கள் வந்துவிட்டதால் அப்படி வெட்டுவதில்லை.

1891-இல் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். 1897 முதல் சாகும்வரை அதன் முதல்வர். 1908-இல் இரண்டு தொகுதியாகப் புத்தகம் போட்டார்.

இதே சிகாகோவில்தான் நம்ம பவுண்டரி ஆட்களுக்குப் பிடித்த இன்னொரு சம்பவமும். வில்லியம் டாகர்ட் என்ற பல் டாக்டர் 1907 ஜனவரியில் நியூயார்க் போய் ஒரு புதுமுறையைக் காட்டினார். பல்லின் குழிக்கு மெழுகில் அச்சு எடுத்து, அதைச் சுண்ணக் குழம்பில் புதைத்து, மெழுகை எரித்து வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய தங்கத்தை வாயு அழுத்தத்தால் தள்ளினார். சுவாமிமலை ஸ்தபதிகள் சாமி சிலை வார்க்கிற மெழுகு வார்ப்புதான். சிலையை விட்டுப் பல்லுக்கு இறங்கி வந்துவிட்டது, அவ்வளவே. டாகர்ட் காப்புரிமை வாங்கி, பயன்படுத்துகிற டாக்டர்களிடம் பணம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அயோவா மாநிலத்தில் பில்புரூக் என்ற டாக்டர் பத்து வருடம் முன்பே இதே முறையை எழுதி வைத்திருந்தது வெளியே வந்தது. டாகர்ட் பக்கம் நிற்கவில்லை.

ஆனால் முதலில் வார்த்த தங்கம் சரியாகப் பொருந்தவில்லை. காரணம் நமக்குத் தெரியும். சூடான உலோகம் ஆறும்போது சுருங்கும். தங்கக் கலவை சுமார் ஒன்றரை சதவீதம். பத்து மில்லிமீட்டர் பல் கேப்பில் அது 0.15 மில்லிமீட்டர், ஓரத்தில் தெரிகிற அளவு. நம்ம ஷாப்பில் என்ன செய்கிறோம்? ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ் கொடுத்துப் பேட்டர்னைப் பெரிசாகச் செய்கிறோம். பல்லில் அது முடியாது, மெழுகு பல்லின் அளவுக்கு ஒட்டித்தான் நிற்கும். அதனால் பிற்காலத்தார் அச்சையே விரிய வைத்தார்கள். ஜிப்சத்தோடு சிலிகா மணல் கலந்தால், இறுகும்போது கொஞ்சம் விரியும். சூளையில் 700 டிகிரிக்குக் கொண்டுபோகும்போது சிலிகாவின் படிகம் மாறி இன்னும் விரியும். உலோகம் சுருங்குகிற அளவுக்கு அச்சு விரிந்து நின்றால் கணக்கு சரி. அடைப்பு விரியவும் கூடாது சுருங்கவும் கூடாது என்று பிளாக் பிடித்துக்கொண்ட அதே கவலைதான், வேறு வழியில் தீர்ந்தது. 1971-க்குப் பிறகு தங்கம் விலை ஏறியபோது நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம் கேப்புகள் வந்தன. அவை உருகுவதற்குச் சூடு அதிகம் என்பதால் ஜிப்சம் தாங்காது. பாஸ்பேட் சேர்ந்த அச்சு வேண்டியிருந்தது.

பிளாக்கின் ரசக்கலவையும் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. பாதரசம் கழிவாக மண்ணிலும் தண்ணீரிலும் சேர்கிறது என்பதால் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை போட்டு நாடுகள் குறைக்க ஆரம்பித்தன. இந்தியாவும் 2018-இல் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் பொதுவாக நிறுத்தியேவிட்டது. எனக்கு வருத்தமில்லை. அவர் வாழ்ந்திருந்தால் அவரே பாதரசத்தை அளந்து பார்த்திருப்பார்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் பல்லில் பழுப்புக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. 1901-இல் அந்த ஊருக்குக் கடை போட வந்த பிரடெரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர் இதைப் பார்த்துவிட்டு எல்லோரிடமும் கேட்டார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பிளாக்குக்கு எழுதினார். உலகமே கொண்டாடுகிற எழுபது வயது தாண்டிய முதல்வர், யாரோ ஒரு சின்ன டாக்டரின் கடிதத்தை நம்பி, கறைப் பற்களை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். 1909-இல் ரயில் ஏறி நேரிலும் போனார். தெருவில் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கறை மேலே ஒட்டியதில்லை, பல் உருவாகும்போதே எனாமலுக்குள் நேர்ந்த கோளாறு என்று கண்டார். கறைப் பல்லில் சொத்தை குறைவாக இருப்பதும் தெரிந்தது. அந்த வேலையிலேயே கடைசி ஆறு வருடம் போனது. 1915 ஆகஸ்ட் 31-இல், எழுபத்தொன்பது வயதில் இறந்தார். அறிக்கை மறு வருடம் இருவர் பெயரிலும் வெளியானது. தண்ணீரில் இருந்த புளூரைடுதான் காரணம் என்பது 1931-இல்தான் தெரிந்தது. ஓர் அலுமினியக் கம்பெனியின் ரசாயன நிபுணர் சர்ச்சில் தண்ணீரைச் சோதித்துச் சொன்னார்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். நான் தர்மபுரி மாவட்டம். எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீரில் புளூரைடு. என் முன்பல்லில் குறுக்கே பழுப்புக் கோடு. ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரம், எத்தனை பாக்கெட் போடுகிறாய் என்று கேட்டவர்கள் இந்த மலரையும் படிப்பார்கள். தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அது பாக்குக் கறை இல்லீங்க. கடைவாயில் அவருடைய வெள்ளி, முன்வாயில் அவர் கடைசியாகப் பார்த்த கறை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது. குழாயடியில் எங்கள் வீட்டுக்கு முறை வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். என் தங்கை அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவளை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எதுக்குண்ணா என்று கேட்டாள். முன்பல் இரண்டும் வெள்ளையாக இருந்தன.